நடு வீட்டின் வருமானம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கணக்கெடுப்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்த ஒரு சகோதரி ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலில் 1989இல் தொடங்கியது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அந்த வேலை நடந்தது. அன்றைக்கு வாரத்துக்கு ரெண்டு ரூபாய், அஞ்சு ரூபாய் சேமிச்ச பெண்கள் இன்றைக்கு லட்சக்கணக்கில் வங்கிக் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டுறாங்க. இதையெல்லாம் மலரில் எழுதத்தான் போறோம். அதோடு சேர்த்து, "நம் பகுதிக் குடும்பங்களின் வருமானம் உயர்ந்திருக்கிறது" என்று ஒரு வரியும் எழுதணும்னு பேச்சு வந்தது. தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "அந்த வரியை எப்படிம்மா கணக்குப் போட்டு எழுதறது? நீ வந்து எல்லாருக்கும் சொல்லிட்டுப் போ"ன்னு சொன்னாங்க. அதைத்தான் இன்றைக்குப் பேசப் போறேன்.

ஒரு வரிதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்னு நினைக்காதீங்க. குடும்ப வருமானம் என்கிற எண் நம் வாழ்க்கையில் பல இடத்தில் முடிவு பண்ணுது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கினபோது, குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கணும்னு விதி வைத்தாங்க. ஆண்டுக்கு ஒரு லட்சம் வருமானம் தொடுகிற குழுப் பெண்ணை 'லட்சாதிபதி சகோதரி' என்று மத்திய அரசு கணக்கில் எடுக்குது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கிற கடன்தான் நுண்கடன். அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டுகிற தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

இதில் ஒரு விநோதம் பாருங்க. உதவித்தொகை விண்ணப்பத்தில் வருமானத்தைக் குறைத்துச் சொல்றோம். கடன் விண்ணப்பத்தில் கூட்டிச் சொல்றோம், இல்லைன்னா நிரப்புகிறவரே கூட்டி எழுதிக்கிறார். ஒரே வீட்டுக்கு ரெண்டு வருமானம்! உண்மையான எண் எந்தத் தாளிலும் இல்லை. அதனால்தான் நமக்கென்று நாமே எடுத்து வைத்துக்கொள்கிற ஒரு கணக்கு வேண்டும்னு சொல்றேன்.

சராசரி எங்கே ஏமாத்தும்?

ஒரு தெருவில் பதினொரு வீடு இருக்குன்னு வைத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்றேன், யார் வீடுன்னும் தேடாதீங்க. மாத வருமானம் சின்னதிலிருந்து பெரியதாக இப்படி வருது: 5,500, 6,500, 7,000, 8,000, 9,000, 10,000, 11,000, 12,500, 14,000, 16,500. கடைசியாக ஒரு வீடு, தக்காளி மண்டி வைத்திருக்கிறவங்க, 65,000.

எல்லாத்தையும் கூட்டினால் 1,65,000. பதினொன்றால் வகுத்தால் 15,000. இதுதான் சராசரி. "இந்தத் தெருவில் வீட்டுக்குப் பதினைந்தாயிரம் வருது"ன்னு எழுதினால் கணக்குப்படி தப்பில்லை. ஆனால் பதினொரு வீட்டில் ஒன்பது வீடு அந்தப் பதினைந்தாயிரத்தைக் கண்ணால் பார்க்கலை.

இப்போ வேற மாதிரி பாருங்க. வீடுகளை வரிசையாக நிறுத்தி, சரியாக நடுவில் நிற்கிற ஆறாவது வீட்டைக் கேளுங்க. அது 10,000. அஞ்சு வீடு அதுக்குக் கீழே, அஞ்சு வீடு அதுக்கு மேலே. இதைப் பாடப் புத்தகத்தில் 'இடைநிலை அளவு' என்பாங்க. நாம் 'நடு வீடு' என்றே சொல்லிக்குவோம். வீடுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வந்தால், நடுவில் நிற்கிற ரெண்டு வீட்டையும் கூட்டிப் பாதி எடுக்கணும். அவ்வளவுதான் கணக்கு.

அடுத்த வருஷம் மண்டிக்காரர் வீட்டு வருமானம் மட்டும் 98,000 ஆகுது, மற்ற பத்து வீட்டிலும் ஒரு ரூபாய் ஏறலைன்னு வைங்க. சராசரி 18,000 ஆயிடும். "இருபது சதவீதம் வளர்ச்சி"ன்னு மலரில் போட்டுக் கைதட்டலாம். நடு வீடு அதே பத்தாயிரத்தில்தான் நிற்குது. பத்து வீட்டின் நிலைமையை அந்தச் சராசரி மறைச்சிடும்.

இது கடனில் எப்படி வந்து மோதும்னு சொல்றேன். அந்தத் தெருவில் ஒருத்தர் வந்து, "இங்கே எல்லாருக்கும் சராசரி பதினைந்தாயிரம் வருது"ன்னு எல்லா விண்ணப்பத்திலும் 15,000 எழுதினால், விதிப்படி தவணை 7,500 வரைக்கும் போகலாம். நடு வீட்டுக்கு உண்மையில் வருவது 10,000. அதில் முக்கால் பங்கு தவணைக்கே போயிடும். மீதி 2,500இல் அரிசி, பருப்பு, எண்ணெய், பிள்ளைங்க படிப்பு, ஆஸ்பத்திரி. 5,500 வருகிற முதல் வீட்டுக்கோ தவணையே வருமானத்தைத் தாண்டிடும். அப்புறம் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அந்தக் கடனுக்கு நகை. இந்தக் கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சராசரிக்கும் நடு வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குடும்பத்தின் சோற்றுத் தட்டில் தெரியுது.

சர்க்காரிடம் இந்த எண் இல்லையா?

"கணக்கெடுப்புதான் அடிக்கடி நடக்குதே, அதில் இருக்காதா?" என்று கேட்பீங்க. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வருமானத்தைக் கேட்பதில்லை. தேசிய மாதிரி ஆய்வு 1950களிலும் 60களிலும் வருமானம் கேட்டுப் பார்த்தது. மக்கள் சொன்ன வருமானம், அவங்க செய்த செலவையும் சேமிப்பையும் கூட்டினதைவிடக் குறைவாக வந்தது. நம்ப முடியாதுன்னு விட்டுட்டாங்க. அதனால்தான் நம் நாட்டில் வறுமையைச் செலவை வைத்தே அளந்து வந்தாங்க. "என்ன வாங்கினீங்க?"ன்னு கேட்டால் சொல்லிடுவோம். "என்ன வருது?"ன்னு கேட்டால் யோசிப்போம்.

2011இல் எடுத்த சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் கிராமத்து வீடுகளில் ஒரு கேள்வி இருந்தது. வீட்டில் அதிகமாகச் சம்பாதிக்கிறவரின் மாத வருமானம் 5,000க்குக் கீழா, 5,000 முதல் 10,000 வரையா, அதற்கு மேலா என்று மூணு கட்டம். நாடு முழுக்கக் கிராமத்து வீடுகளில் நூற்றுக்கு 74க்கும் மேல் முதல் கட்டத்தில் வந்தது. ஆனால் அது ஒருத்தரின் வருமானம். வீட்டின் வருமானம் இல்லை. அண்ணன் கட்டட வேலைக்குப் போய், அண்ணி பால் ஊத்தி, மாமியார் ஆடு மேய்க்கிற வீட்டில் ஒருத்தரை மட்டும் எண்ணினால் மற்ற ரெண்டு பேரின் உழைப்பு எங்கே போச்சு? பெரும்பாலும் விட்டுப்போவது பெண்ணின் சம்பாத்தியம்தான்.

நபார்டு வங்கி எடுத்த ஆய்வில் கிராமப்புறக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 2016-17இல் 8,059 ரூபாய், 2021-22இல் 12,698 ரூபாய். நல்ல ஆய்வு, பயன்படும். ஆனாலும் இது நாட்டுக்கே உரிய சராசரி. நம்ம ஊராட்சியின் நடு வீடு எங்கே நிற்குதுன்னு அதில் தெரியாது. அதை நம்மைத் தவிர யாரும் வந்து எடுத்துக் கொடுக்கப் போறதில்லை.

நமக்கு இந்த வேலை புதுசும் இல்லை. புது வாழ்வுத் திட்டத்தில் மக்கள் நிலை ஆய்வு நடந்த ஊர்களில், மக்களே உட்கார்ந்து மிகவும் ஏழை யார், ஏழை யார், நடுத்தரம் யார், வசதி யார் என்று முடிவு பண்ணினாங்க. அதில் இருந்தவங்க இங்கேயும் இருப்பீங்க. அது ஒரு தடவை பிடித்த போட்டோ மாதிரி. நமக்கு வேண்டியது வருஷா வருஷம் அதே இடத்தில் நின்று பிடிக்கிற போட்டோ.

வருமானம் என்றால் எது?

முதலில் 'வீடு' எதுன்னு ஒரே மாதிரி வைத்துக்கணும். ரேஷன் கார்டை வைத்து எண்ணினால் ஒரு மாதிரி வரும். கடன் விதியில் கணவன், மனைவி, திருமணம் ஆகாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். நம் கணக்குக்கு நான் சொல்வது, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவங்க எல்லாரும் ஒரு வீடு. எதை வைத்தாலும் சரி, நடுவில் மாத்தக் கூடாது.

அடுத்தது வருமானம். கைக்கு வருகிற பணம் எல்லாம் வருமானம் ஆகாது. பால் கணக்கைப் பாருங்க. ஒரு நாளைக்கு எட்டு லிட்டர், லிட்டர் 35 ரூபாய்னு வைத்தால் மாதம் 8,400 ரூபாய். அதில் தீவனம், புண்ணாக்கு 4,800. சினை ஊசி, மருந்து 400. மீதி 3,200தான் வருமானம். பால் சங்கத்து ரசீதைப் பார்த்து 8,400ன்னு எழுதினால் அந்த வீடு காகிதத்தில் மட்டும் பணக்கார வீடு. பெட்டிக்கடை, தையல், இட்லிக் கடை எல்லாத்துக்கும் இதேதான்: வித்ததில் முதலைக் கழிச்சது போகத்தான் வருமானம்.

குழுவில் வாங்கிய கடன் வருமானம் இல்லை, அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம். நகையை வித்த பணமும் நிலத்தை வித்த பணமும் வருமானம் இல்லை, அது சொத்து கரைஞ்சது. வெளியூரில் இருக்கிற வீட்டுக்காரர் அனுப்புகிற பணம் வருமானம். பெங்களூரில் கட்டட வேலையில் அவருக்கு எவ்வளவு கூலின்னு கேட்காதீங்க, வீட்டுக்கு எவ்வளவு வந்து சேருதுன்னு கேளுங்க. சொந்த நிலத்தில் விளைந்து வீட்டுக்கே வைத்துக்கொண்ட கேழ்வரகு, அவரை இதையும் அன்றைய சந்தை விலை போட்டுச் சேர்க்கணும். இல்லைன்னா விளைச்சலை வித்த வீட்டுக்கு வருமானம் இருக்கும், சாப்பிட்ட வீட்டுக்கு இல்லாத மாதிரி ஆயிடும்.

உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய், முதியோர் உதவித்தொகை இதெல்லாம் வருமானம்தான். ஆனால் தனி வரிசையில் எழுதுங்க. நடு வீடு 9,000இலிருந்து 10,000 ஆச்சுன்னா, அந்த ஆயிரம் உழைப்பில் ஏறியதா, உதவித்தொகையில் ஏறியதா என்று பிரித்துப் பார்க்க முடியணும். ரெண்டும் நல்லதுதான். ஆனால் "எங்கள் தொழில் பயிற்சியால் வருமானம் ஏறியது"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி அது உண்மையான்னு நமக்குத் தெரியணும்.

எப்போது கேட்பது?

நம்ம பக்கம் மானாவாரிதான் அதிகம். மாங்காய் சீசனில் பறிக்கிற வேலை, புளி சீசனில் புளி உடைக்கிற வேலை, மழை இல்லாத மாசத்தில் ஒன்றும் இல்லை. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை ஏறின மாசம் ஒரு மாதிரி, ரோட்டில் கொட்டுகிற மாசம் வேற மாதிரி. ஒரு மாசத்தை மட்டும் கேட்டு பன்னிரண்டால் பெருக்கினால் கணக்கு எங்கேயோ போயிடும்.

அதனால் வருஷத்துக்கு நாலு தடவை கேளுங்க. தை, சித்திரை, ஆடி, ஐப்பசி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை என்றால் யாருக்கும் ஞாபகம் இருக்கும். நாலையும் கூட்டினால் ஒரு வருஷ வருமானம், பன்னிரண்டால் வகுத்தால் மாத வருமானம். லட்சாதிபதி சகோதரி கணக்கிலும் நாலு விவசாயப் பருவமாவது அந்த வருமானம் நிலைத்து நிற்கணும் என்றுதான் சொல்லியிருக்காங்க. ஒரு நல்ல மாசத்தைப் பார்த்து யாரையும் லட்சாதிபதி ஆக்க வேண்டாம்.

யாரைக் கேட்பது?

எல்லா வீட்டையும் கேட்க முடியாது. ஊராட்சியில் 1,200 வீடு இருந்தால் 100 வீட்டை எடுக்கலாம். பட்டியலை வைத்துக்கொண்டு, ஒன்று முதல் பன்னிரண்டுக்குள் சீட்டுக் குலுக்கி ஒரு எண் எடுங்க. ஏழு வந்ததுன்னா ஏழாவது வீடு, பத்தொன்பதாவது வீடு, முப்பத்தொன்றாவது வீடு என்று பன்னிரண்டு பன்னிரண்டாகப் போங்க. ரோட்டோரம் இருக்கிற வீடு, நமக்குத் தெரிஞ்ச வீடு, டீ கொடுக்கிற வீடு என்று பொறுக்கி எடுக்கக் கூடாது. பட்டியலில் ஊரும் இருக்கணும், காலனியும் இருக்கணும், மலை மேல் இருக்கிற குக்கிராமமும் இருக்கணும்.

குழுவில் இருக்கிறவங்களை மட்டும் கேட்காதீங்க. ரொம்ப வசதியான வீட்டுப் பெண்கள் குழுவுக்கு வர மாட்டாங்க. ரொம்பக் கஷ்டப்படுகிறவங்களில் பல பேர் சந்தா கட்ட முடியாமல் நின்னுருப்பாங்க. குழுவை மட்டும் எண்ணினால் அவங்க கணக்கிலிருந்தே காணாமல் போயிடுவாங்க.

கடன் கொடுக்கிற முடிவில் இருக்கிறவர் இந்தக் கேள்வியைக் கேட்கப் போகக் கூடாது. தாளில் பெயர் வேண்டாம், வீட்டுக்கு ஒரு எண் போதும். "இந்தக் கணக்கை வைத்து உங்களுக்கு ஒரு சலுகையும் வராது, ஒரு சலுகையும் நிக்காது"ன்னு முதலிலேயே சொல்லிடுங்க. சொன்னபடி நடந்துக்குங்க. ஒரு தடவை அந்தத் தாள் வெளியே போச்சுன்னா, அடுத்த வருஷம் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

தொகையைச் சொல்லக் கூச்சப்படுகிற வீட்டில் கட்டம் காட்டிக் கேட்கலாம். அதிலும் நடு வீட்டைக் கண்டுபிடிக்க வழி இருக்கு. நூறு வீட்டில் 5,000க்குக் கீழே 18 வீடு, 5,000 முதல் 10,000 வரை 40 வீடு, 10,000 முதல் 15,000 வரை 24 வீடு, 15,000 முதல் 25,000 வரை 12 வீடு, அதற்கு மேலே 6 வீடு என்று வைத்துக்கொள்வோம். நடு என்றால் ஐம்பதாவது வீடு. முதல் கட்டத்தில் 18 போச்சு, இன்னும் 32 வேணும். அது ரெண்டாவது கட்டத்து 40 வீட்டில் 32ஆவது. அந்தக் கட்டத்தின் அகலம் 5,000. நாற்பதில் முப்பத்திரண்டு என்றால் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 4,000. அதை 5,000த்தோடு கூட்டினால் 9,000. நடு வீட்டு வருமானம் ஏறக்குறைய ஒன்பதாயிரம். கடைசிக் கட்டத்தில் இருக்கிற ஆறு வீட்டுக்காரங்க எவ்வளவு சம்பாதிக்கிறாங்கன்னு தெரியாமலேயே இதைப் போட்டுட்டோம் பாருங்க. அது தெரியாமல் சராசரியைப் போட முடியாது.

நூறு வீட்டை மட்டும் கேட்டதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அது எவ்வளவுன்னும் சொல்ல ஒரு எளிய வழி உண்டு. தொகை சொன்ன நூறு வீட்டையும் வரிசைப்படுத்தி, 40ஆவது வீட்டையும் 61ஆவது வீட்டையும் பாருங்க. ஊராட்சி முழுக்க எண்ணியிருந்தால் கிடைத்திருக்கும் நடு வருமானம், நூற்றில் 95 தடவைக்கு இந்த ரெண்டு வீட்டுக்கும் நடுவில்தான் இருக்கும். 40ஆவது வீடு 8,200, 61ஆவது வீடு 9,900 என்றால், "நடு வீடு எட்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து பத்தாயிரத்துக்குள்"ன்னு சொல்லுங்க. அடுத்த வருஷம் இருநூறு ரூபாய் ஏறிச்சுன்னு கொண்டாடவும் வேண்டாம், இருநூறு இறங்கிச்சுன்னு அழவும் வேண்டாம்.

சின்னக் குக்கிராமத்தில் பத்து வீடுதான் மாதிரியில் வரும். அதுக்கு ஒரு வருஷக் கணக்கு பத்தாது. மூணு நாலு வருஷத்தைச் சேர்த்துப் பாருங்க. அமெரிக்காவிலும் சிறிய பகுதிகளுக்கு ஐந்து வருஷப் பதில்களைச் சேர்த்து, விலைவாசியைச் சரிசெய்துதான் இடைநிலை வருமானம் வெளியிடுறாங்க.

ஏறிச்சா, இறங்கிச்சா?

இப்போதான் முக்கியமான இடம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த ஒரு நாள் கூலி 2016-17இல் 203 ரூபாய். 2024-25இல் 319 ரூபாய். எட்டு வருஷத்தில் 57 சதவீதம் ஏறியிருக்கு. கேட்க நல்லா இருக்கு. ஆனால் அந்தக் கூலியே விவசாயத் தொழிலாளர்களுக்கான விலைவாசிக் குறியீட்டைப் பார்த்துத்தான் ஏத்தினாங்க. பொருள் விலை ஏறினது எவ்வளவோ, பெரும்பாலும் அதைத் துரத்திக்கொண்டு போகிற உயர்வு அது. 203 ரூபாய்க்கு 2016-17இல் வாங்கின பொருளைத்தான் 2024-25இல் 319க்கு வாங்கினோம் என்றால், வீட்டில் என்ன மாறிச்சு?

அதனால் நடு வீட்டு வருமானத்தோடு ஒரு கூடை கணக்கும் வைங்க. வெளியில் வாங்குகிற அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், காய்கறி, கேஸ் சிலிண்டர், போன் ரீசார்ஜ், பிள்ளைங்க நோட்டுப் புத்தகம், மாத்திரை இப்படி ஒரு குடும்பம் மாதம் வாங்குகிறது இவ்வளவுன்னு ஒரு பட்டியல். பொருளையும் அளவையும் மாத்தாமல் வருஷா வருஷம் அதே சந்தையில் விலை கேளுங்க. அரசு வெளியிடுகிற நுகர்வோர் விலைக் குறியீட்டிலும் கிராமப்புறத்துக்குத் தனி எண் இருக்கு, மாநிலத்துக்கும் இருக்கு. நம் கூடையை அதோடு ஒத்துப் பார்த்துக்கலாம்.

ஒரு கணக்கு போடுவோம். முதல் வருஷம் கூடை விலை 6,000, நடு வீட்டு வருமானம் 8,000. ஐந்து வருஷம் கழித்து அதே கூடை 7,800, நடு வீடு 10,000. பணத்தில் பார்த்தால் 25 சதவீதம் ஏறியிருக்கு. கூடை 100க்கு 130 ஆகியிருக்கு. இன்றைய 10,000த்தை 100ஆல் பெருக்கி 130ஆல் வகுத்தால் 7,692. அதாவது பழைய விலையில் அந்த வீட்டுக்கு வருவது ஏறக்குறைய 7,700 ரூபாய்தான். எட்டாயிரத்திலிருந்து இறங்கியிருக்கு! சம்பளக் கவர் கனமாயிருக்கும், சமையல் டப்பா லேசாயிருக்கும். "போன வருஷத்தைவிட அதிகமாத்தான் சம்பாதிக்கிறோம், ஆனா பத்தவே மாட்டேங்குது"ன்னு நீங்க சொல்றீங்களே, அது புலம்பல் இல்லீங்க, சரியான கணக்கு.

இன்னொரு எச்சரிக்கை. வீடு பிரிவதைக் கவனிங்க. ஐந்து பேர், பதினைந்தாயிரம் ரூபாய் என்று இருந்த வீட்டில் மகன் தனி அடுப்பு வைத்தால், மூணு பேர் 9,000, ரெண்டு பேர் 6,000 என்று ரெண்டு வீடாகும். ஒரு வீட்டுக்கு வருகிற பணம் குறைஞ்ச மாதிரி தெரியும். தலைக்கு மூவாயிரம்தான் அன்றும், இன்றும். அதனால் எத்தனை பேர் சாப்பிடுறாங்கன்னு பக்கத்திலேயே எழுதி வைங்க.

முடிந்தவரை அதே நூறு வீட்டுக்கே ஒவ்வொரு வருஷமும் போங்க. யாராவது ஊரை விட்டுப் போயிருந்தால், "போயிட்டாங்க"ன்னு குறித்து, ஏன் போனாங்கன்னு கேட்டு எழுதிவிட்டு, பட்டியலிலிருந்து குலுக்கி வேற வீடு எடுங்க. கடன் தாங்காமல் பூட்டிக்கொண்டு போன வீடுகளைப் பேசாமல் விட்டுட்டால், மிச்சம் இருக்கிற வீடுகளை வைத்து நடு வருமானம் தானாக ஏறிடும். கஷ்டப்பட்டவங்க ஊரை விட்டுப் போனது வளர்ச்சி ஆகாது.

இதை வைத்து என்ன செய்வது?

குழுவின் கடன் திட்டம் போடும்போது, ஒவ்வொரு உறுப்பினரின் தவணையையும் அவங்க சொந்த வருமானத்தோடு வைத்துப் பாருங்க. பத்தாயிரம் வருகிற வீட்டுக்கு எல்லாக் கடனும் சேர்த்து ஐயாயிரத்துக்கு மேல் தவணை போகுதுன்னா, அந்த அக்காவுக்கு இன்னொரு கடன் கொடுப்பது உதவி ஆகாது. வெளியிலிருந்து கடன் கொடுக்க வருகிறவங்க ஊருக்கே ஒரே வருமானம் எழுதினால், "எங்க ஊராட்சியின் நடு வீடு இவ்வளவுதாங்க, வீடு வீடாகக் கேட்டு எழுதுங்க"ன்னு நாம் தாளைக் காட்டலாம். விண்ணப்பத்தில் வருமானம் எழுதுகிற கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடாதீங்க. அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பார்த்து, படிக்கத் தெரியாதவங்க கணக்காளர் தங்கையிடம் காட்டி, அப்புறம் போடுங்க.

கிராம சபையிலும் இந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. மூணு வருஷமாக நடு வீடு பொருள் கணக்கில் ஏறவே இல்லை என்று காட்டினால், எந்தப் பயிற்சி வேணும், எந்தச் சந்தை வசதி வேணும்னு கேட்க நமக்கு ஒரு பிடி கிடைக்கும். நடு வீட்டோடு நின்றுவிடவும் வேண்டாம். நூறில் 25ஆவது வீட்டையும் குறித்து வைங்க. நடு வீடு ஏறி, 25ஆவது வீடு அப்படியே நின்றால், கூட்டமைப்பின் அடுத்த வருஷ வேலை எங்கே இருக்குன்னு அது சொல்லிடும்.

மலரில் எழுதப் போகிற அந்த ஒரு வரிக்கு வர்றேன். இந்த வருஷம் "வருமானம் உயர்ந்தது"ன்னு எழுத நம்மிடம் அளவு இல்லை. இப்படி எழுதுங்க: "வருகிற தை மாதம் முதல் நம் ஊராட்சிகளின் நடு வீட்டு வருமானத்தையும் கூடை விலையையும் நாமே கணக்கெடுத்து, ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் படிப்போம்." ஏறினாலும் படிக்கணும், இறங்கினாலும் படிக்கணும். குழுக் கூட்டத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் எல்லாருக்கும் முன்னால் வாசித்துக் கையெழுத்து வாங்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கு. அந்தப் பழக்கத்தை ஊர்க் கணக்குக்கும் கொண்டு போகணும்.

கணக்காளர் தங்கைகள் யாருக்காவது தாள் தயாரிப்பதில் சந்தேகம் இருந்தால், சாப்பாட்டுக்கு அப்புறம் பந்தலிலேயே இருப்பேன், நோட்டோடு வாங்க.